யாரும் பிடுங்காத பாட்டு

வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் ஹாரன். நகரப் பேருந்து ஓட்டுநர். வாயைத் திறந்தால் தெருவே ஒதுங்கும். வேறு ஊரில்தான் வேலை பார்ப்பேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றபோது, "போனா எங்கிட்ட பேசாதே" என்று கத்தினார். அவளும் அவர் பெற்ற பெண்தானே, அப்படியே செய்தாள். அம்மாவோடு மட்டும் பேச்சு.

ஆனால் பாட்டு பொதுவாகவே இருந்தது. அலமாரியில் அவள் வைத்துவிட்டுப் போன ஸ்பீக்கரும் அவள் போனும் ஒரே பாட்டுச் செயலிக் கணக்கில் ஓடின. ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும். மாலையில் இவர் காலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். அங்கே அவள் வேலை முடிந்து காதில் மாட்டுவாள். இங்கே சட்டென்று நின்றுவிடும்.

"பிடுங்கிட்டா பாரு, கழுதை!" என்று போனைத் தட்டி இவர் திரும்பப் பிடுங்குவார். உடனே அவள் பிடுங்குவாள். ஆளுக்கொரு கணக்கு வாங்க வக்கில்லாமல் இல்லை. இரண்டு பேருமே வாங்கவில்லை.

அன்று அவள் ஊரில் பேய்மழை. சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஒரு பஸ் கூரை மட்டும் தெரியக் கிடந்ததை டிவியில் காட்டினார்கள். அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று ஹாரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவி அழைத்துப் பார்த்தாள். மகளின் போன் அணைந்திருந்தது.

ஹாரன் டிவியை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போட்டார்.

"புள்ளைக்கு என்னாச்சோன்னு தெரியல, உங்களுக்குப் பாட்டு கேக்குதா?"

"போட்டு வச்சாத்தான்டி அவ பிடுங்குவா!"

முதல் பாட்டு கடைசிவரை ஓடியது. அடுத்ததும். பாட்டு இவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மனைவி மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினாள். வரிசையாகப் பாட்டுகள் முடிந்தன. அவருக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பாழாய்ப்போனவளே, பிடுங்கித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

பாதி வரியில் பாட்டு நின்றது.

மனைவி வாய்விட்டு அழுதாள். அவர் கை பழக்கத்தில் போனுக்குப் போனது, அப்படியே நின்றது. "கேக்கட்டும். இன்னிக்கு அவளே கேக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. அவருடைய போன்!

"அப்பா! சார்ஜ் தீந்துபோச்சு, இப்பதான் ரூமுக்கு வந்தேன். வந்ததும் பாட்டைப் போட்டேன், நீங்க திரும்பப் பிடுங்கவே இல்ல." அவள் குரல் உடைந்தது. "உங்களுக்கு உடம்புக்கு என்னப்பா?"



"தலையைத் துவட்டினியா?" என்றார் ஹாரன்.