சூடு பார்க்கும் சிட்டிகை

ரொட்டிக்கடை மாஸ்டர் மாவைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். முதலாளி சூளைக்கு வெப்பமானி வாங்கி மாட்டியபோது, "காய்ச்சல் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, அதன் மேல் தன் துண்டைத் தொங்கவிட்டார். சூடு பார்க்க அவருக்கு ஒரு சிட்டிகை மைதா போதும். சூளையின் தரையில் விசிறுவார். வெள்ளையாகவே கிடந்தால் காத்திருக்க வேண்டும். கருகினால் கதவைத் திறந்துவைக்க வேண்டும். இளம்பழுப்பானால் ரொட்டியை உள்ளே தள்ளலாம். இதற்கென்றே சட்டைப்பையில் ஒரு பழைய தைல டப்பா நிறைய மைதா. சீப்பும் பேனாவும் டப்பாவும் ஒரு சட்டையிலிருந்து மறுசட்டைக்குக் குடிபெயருமே தவிர, அவரை விட்டுப் பிரிந்ததில்லை.

இப்படிப்பட்டவரின் மனைவிக்குக் கோதுமை ஆகாது என்று தெரியவந்தபோது கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பல வருடங்களாக வயிற்றைப் பிடித்துக்கொண்டே குடித்தனம் நடத்தியவள் அவள்.

"கோதுமையில இருக்கற குளூட்டன் இவங்க குடலைப் புண்ணாக்குது" என்றார் டாக்டரம்மா. "ரொட்டி, பிஸ்கட், மைதா எதுவும் கூடாது. ஒரு சிட்டிகை கூட."

"மீறி உள்ள போனா?"

"சாப்பிடறது உடம்புல ஒட்டாது. எலும்பு தேயும். இப்பவே தேய ஆரம்பிச்சாச்சு."

மாஸ்டர் அரைகுறையாக எதையும் செய்கிறவரல்ல. அன்றைக்கே வீட்டிலிருந்த மாவு டின், சல்லடை, பூரிக்கட்டை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். கடைவிட்டு வந்தால் குழாயடியில் தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, வெளுத்த சட்டை மாட்டிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். சீப்பும் பேனாவும் டப்பாவும் அந்தச் சட்டையின் பைக்கு மாறும். ஆளே மாறிவிட்டார் என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள்.

அவளுக்கு ரொட்டி நினைப்பு விடவில்லை. அதனால் பான்கேக் செய்யக் கற்றுக்கொண்டார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வாழைக்காயைத் தோல் சீவுவார். தடவினாலும் கறை பிடிக்கும். கடையில் வெளுத்த கை வீட்டில் கறுத்தது. துண்டுகளைத் துருவிய தேங்காயோடு மிக்ஸியில் வழுவழுவென்று அரைத்து, முட்டை உடைத்து ஊற்றி, உப்பும் கொஞ்சம் சோடாவும் சேர்த்து அடிப்பார். தவாவில் ஊற்றி, மேலே குமிழி வெடித்ததும் திருப்புவார். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் வரும்.

அவள் எழுந்து உதவ வந்தால் விடமாட்டார். "நீ படு. அடுப்பு பக்கம் வராத. எங்க எது ஒட்டியிருக்கோ, யாரு கண்டா."

படுத்த இடத்துக்குத் தட்டு வரும். அவள் சாப்பிடுவாள். நன்றாக இருந்தது என்பாள். சொன்னது பொய்யுமல்ல. ஆனால் அவள் இளைத்துக்கொண்டே போனாள். வளையல் முழங்கை வரை ஏறியது. ஒருநாள் கதவில் இடித்துக்கொண்டதற்கே விரல் எலும்பு முறிந்தது.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எங்கேயோ கோதுமை உள்ள போயிட்டிருக்கு."

மாஸ்டருக்கு எங்கே என்று புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார்.

"உண்மையைச் சொல்லு. நான் போனதும் யாருகிட்ட ரொட்டி வாங்கித் திங்கற?"

"சத்தியமா இல்லீங்க."

"அப்ப நான் செய்யறதுல கோளாறா?"

"அப்படி எங்க சொன்னேன்?"

"நாக்கைக் கட்ட முடியல, சத்தியம் வேற! குழந்தையா நீ, பூட்டு போட்டு வைக்க?"

பிறகு நிஜமாகவே பூட்டினார். கடைக்குக் கிளம்பும்போது வெளிக்கதவை. தூக்கத்தில் எழுந்துபோய்த் தின்கிறோமோ என்று அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்திருந்தது.

அக்காவைப் பார்க்க வந்த தம்பி, கதவில் பூட்டும் ஜன்னலில் அக்காவும் இருக்கக் கண்டான். மாஸ்டர் வரும்வரை வாசலிலேயே நின்றான்.

"மாமா, கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும்."

"உன் பொண்டாட்டிக்கு வெந்நீர் வைக்கவே வராது. இவளுக்குப் பக்குவமா யாரு செய்வா?"

"பட்டினி கிடந்தாக்கூட இதைவிட நல்லா இருப்பா" என்றான் தம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டே.

தம்பி மனைவியின் பான்கேக் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் கூழ். வாழைக்காய் திப்பிதிப்பியாகக் கடிபடும். அதைத் தின்று அவள் தேறினாள். வளையல் மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது. டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். வீட்டுக்கு வரத் தயார், வந்து அழைத்துப் போங்கள் என்று அவளே போன் செய்தாள்.

மாஸ்டர் வெளுத்த சட்டையில் போய் இறங்கினார். கூடத்தில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மனைவியின் கன்னத்தில் சதையைப் பார்த்ததும் கண் கலங்கியது. அதை மறைக்கத் தட்டிலிருந்த பான்கேக்கைப் பழித்தார்.

"இது என்னம்மா, செருப்புக்கு அடி வெட்டின மாதிரி? தள்ளு, நான் காட்டறேன்."

"வாங்கண்ணா, காட்டுங்க. இவரு தினமும் இதைச் சொல்லித்தான் என் மானத்தை வாங்கறாரு" என்றாள் தம்பி மனைவி, புருஷனைக் காட்டி.

மாஸ்டர் சுறுசுறுப்பாக அரைத்து, அடித்து, அடுப்பைப் பற்றவைத்தார். மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். அவர் அவளுக்காகச் சமைப்பதை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பேச்சுவாக்கில் அவர் கை சட்டைப்பைக்குப் போனது. டப்பா திறந்தது. இரண்டு விரல் எதையோ கிள்ளித் தவாவில் விசிறியது. வெள்ளைத்தூள் மெல்லப் பழுப்பானது. திருப்தியோடு அதன் மேலேயே ஒரு கரண்டி ஊற்றினார்.

"அண்ணா, அது என்ன?"

"எது?"

"இப்ப போட்டீங்களே."

"சூடு பாத்தேம்மா."

"எதை வச்சு?"

மாஸ்டர் தன் கையைப் பார்த்தார், வேறு யாருடைய கையோ போல. தவாவில் குமிழி வெடித்தது. திருப்ப ஆளில்லை. அடி கருகும் வாசனை வந்ததும் தம்பி மனைவிதான் அடுப்பை அணைத்தாள்.

"அப்ப நான் தூக்கத்துல எதுவும் திங்கல" என்றாள் மனைவி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "திருடனுக்குத்தான் இத்தனை நாளா பூட்டு சாவியைக் குடுத்து வச்சிருந்தோம்."

மாஸ்டர் டப்பாவை மூட முயன்றார். மூடி பொருந்தவில்லை. விரலெல்லாம் மாவு.

"தெரிஞ்சு செய்வேனா?"

"தெரிஞ்சு செஞ்சிருந்தா நிறுத்தச் சொல்லலாம்."

அவள் கூடத்துக்குப் போனாள். முறிந்து கோணலாகக் கூடிய விரலால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் மெல்லத் தள்ளினாள். அது உள்ளே போகும் சத்தம் சமையலறை வரை கேட்டது.