காற்றுப் புகாத அறை

புது வீடு கட்டுகிறவர்களிடம் போய், மின்சாரம் மிச்சமாகிற மாதிரிக் கட்டுங்கள் என்று சொல்வது என் வேலை. மின்சார அலுவலகத்தின் திட்டம் அது. கூரைக்கு வெப்பத்தடுப்பு, மேற்குச் சுவருக்கு நிழல், ஏசி பூட்டும் அறைக்குக் காற்றுக் கசியாத கதவு, யன்னல். ஒரு வருட மின்பாவனை குறைவாக இருந்தால் வாசலில் பதிக்க ஒரு தகடு கொடுப்போம். ஆனால் முக்கால்வாசிப் பேர் வாசல் வைக்கச் சாத்திரியார் சொல்வதைத்தான் கேட்பார்கள். என்னை ஒரு மரியாதைக்குக் கேட்பார்கள். அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு.

அதனால் தங்கை சாவகச்சேரியில் வீடு கட்டத் தொடங்கியபோது நான் அவளை விடவில்லை. வரைபடத்தை நானே திருத்தினேன். எங்கள் பக்கத்து வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றுப் போக ஓட்டைக் கல் வைப்பார்கள். அவளுடைய படுக்கையறையில் ஒன்றைக்கூட வைக்க விடவில்லை. கதவு நிலையைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டினேன்.

"உள்ளுக்கை மூச்சு முட்டாதோ ஐயா?" என்று மேசன் கேட்டார். நான் சிரித்தேன்.

குடிபுகுந்த அடுத்த வருடம் தங்கைக்குப் பெண்குழந்தை பிறந்தது. அம்மா போய்க் கூட நின்றார். பிறந்து முப்பத்தொன்றாம் நாள் முடியும்வரை தாய்க்கும் பிள்ளைக்கும் காற்றுப் பட விடமாட்டார்கள். முழுக வார்த்ததும் அறையைப் பூட்டி, கட்டிலடியில் தேங்காய்ச் சிரட்டைத் தணல் சட்டி வைத்துச் சாம்பிராணி போடுவார்கள். என்னையும் தங்கையையும் அம்மா அப்படித்தான் வளர்த்தார்.

அந்த முப்பத்தொரு நாளுக்குள் ஒரு முற்பகல், அவள் வீட்டு வாசலில் தகடு பதிக்கப் போனேன். அம்மா குசினியில் தங்கையின் பத்தியக் கறிக்குச் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்கச் சாம்பிராணி மணத்தது.

"தங்கச்சி எங்கையம்மா?"

"முழுக வாத்துப் புகை போட்டு விட்டனான். ரெண்டு பேரும் நல்ல நித்திரை. கதவைத் திறவாதை, பிள்ளைக்குக் காத்துப் படும்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணித்தியாலம் வரும். நீ கட்டின அறை நல்லது தம்பி. பழைய வீட்டிலை ரெண்டுதரம் தணல் மாத்தவேணும். இதுக்கை சூடு அப்பிடியே நிக்குது."

அவர் என்னைப் புகழ்ந்துதான் சொன்னார். நான் அறைப்பக்கம் ஓடினேன்.

கதவை இழுத்தேன். ரப்பர் பட்டி நிலையோடு ஒட்டிக்கொண்டு விட மறுத்தது. திறந்தபோது, புகை கட்டிலுக்கு மேலே அசையாமல் நின்றது. தங்கையைக் கூப்பிட்டேன், எழும்பவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அது துணி மாதிரித் தோளில் கிடந்தது. அம்மா பின்னால் வந்து, வெயில் படுகிறது, தலையை மூடு என்றார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

குழந்தையை முற்றத்து நிழலில் கிடத்திவிட்டு உள்ளே ஓடி, அம்மாவும் நானும் தங்கையை வெளியே இழுத்துப் போட்டோம். அவள் வாந்தி எடுத்தாள். குழந்தை கனநேரம் கழித்து ஒரு சின்னச் சத்தம் போட்டது. ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போனோம்.

தணலில் வருகிற நச்சுக் காற்றுக்கு மணம் இல்லை என்றார் மருத்துவர். இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைக்கு ஏதும் குறை இருக்கிறதா என்பது வளர வளரத்தான் தெரியும் என்றார்.

எங்கள் படிவத்தில் மின்குமிழ் எத்தனை, விசிறி எத்தனை, ஏசி எத்தனை என்றெல்லாம் கேள்வி இருக்கிறது. அறைக்குள் தணல் வைப்பீர்களா என்று இல்லை. அதை எழுதியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த நாளே அந்தச் சுவரில் நானே இரண்டு ஓட்டை உடைத்தேன். மற்ற வீடுகளுக்கும் திரும்பப் போய்ச் சொல்லி வருகிறேன்.

பிள்ளைக்கு இப்போது பத்து மாதம். போன ஞாயிறு, தங்கை உள்ளே நிற்கிறாள் என்று நினைத்து, பிள்ளைக்குப் பின்னால் இருந்து மெல்லக் கைதட்டினேன். திரும்பவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

தங்கை கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நானும் நெடுகத் தட்டிப் பாக்கிறனான் அண்ணை," என்றாள். "சில நேரம் திரும்புறாள்."