பூண்டுக்குப் புகை வேண்டும்

ஊருக்கெல்லாம் அடுப்பு கட்டிக் கொடுக்கிறவனுக்குத் தன் வீட்டில் உலை வைக்க நேரமிருக்காது. மேலிடத்து உத்தரவை அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று விளக்கி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளின் நடுவில், கொடைக்கானல் மலைப் பகுதியில் புகையில்லா அடுப்புத் திட்டத்துக்கு நான் மேற்பார்வையாளர். விறகுச் செலவு குறைந்தால் சோலைக்காடு பிழைக்கும், காடு பிழைத்தால் மழை பிழைக்கும் என்பது டெல்லியின் யோசனை. யோசனையில் தப்பில்லை, நானும் அதை நம்பித்தான் மலையேறினேன். மனைவிக்கு அய்யம்பாளையத்தில் டீச்சர் வேலை. நான் அட்டுவம்பட்டியில் ஓர் ஒற்றை அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு இருந்தேன். அவள் கடிதம் ஒவ்வொன்றிலும் "வேளைக்குச் சாப்பிடுறீங்களா?" என்று ஒரு வரி இருக்கும். பதிலில் பொய் எழுதுவேன்.

தொப்பி வராத குழாய்

முதல் அடுப்பு ஆடலூரில். குழாய் வந்துவிட்டது, சுவரொட்டி வந்துவிட்டது, மூன்று பிரதியில் நிரப்ப வேண்டிய பாரமும் வந்துவிட்டது. கூரைக்கு மேலே குழாயின் வாயில் வைக்கிற தொப்பி மட்டும் வரவில்லை. காத்திருக்க வேண்டாம், கட்டு என்று ஆபீசிலிருந்து உத்தரவு.

காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் செல்லம்மா வீட்டில் கட்டினோம். கொத்தனார் அந்தோணி கடைசிப் பூச்சு பூசி, செல்லம்மா பற்ற வைத்து அரை மணிகூட ஆகியிருக்காது. பிடித்தது மழை. தண்ணீர் குழாய் வழியாக நேரே அடுப்புக்குள் இறங்கியது. அந்தோணி கூரையேறி ஒரு ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். காற்று அதையும் தள்ளிவிட்டது. செல்லம்மா நனைந்த சாம்பலைக் கிண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பொகை இருக்காதுன்னுதானே சார் சொன்னீங்க. தீயும் இருக்காதுன்னு சொல்லலையே."

ஒரே ஒரு கேள்வி

அடுத்தது மேல்மலையில் ஓர் ஊர். அங்கே பூண்டுதான் வெள்ளாமை. எந்த வீட்டுக்குள் போனாலும் அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கும், புகை படிந்து கறுத்துப்போய். அடுத்த விதைப்புக்கான பூண்டு அது. எனக்கு அது வெறும் ஒட்டடை மாதிரி பட்டது. நான் கீழ்நாட்டுக்காரன்.

ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. பெரிய அதிகாரி பார்வையிட வருவதற்குள் ஒரு வீட்டிலாவது கட்டியாக வேண்டும். பாப்பம்மாள் என்று ஒருத்தி, புருசன் இல்லை, சின்னதாக ஒரு துண்டுப் பூண்டுக் காடு. புகையில் இருமி இருமி அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். அதைச் சொல்லியே பேசினேன். குழாய் வழியாகப் புகை முழுக்க வெளியே போய்விடும் என்றேன். "அப்பப் பூண்டு?" என்று கேட்டாள். காற்றில் தானாகக் காயும், நான் பொறுப்பு என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் பரணை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் சரிங்க சார். வெதப்பூண்டு போச்சுன்னா எனக்கு அடுத்த வெள்ளாமை கெடையாது, அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க."

பாரத்தில் இல்லாதது

பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். வெள்ளையாக இருந்த சுவரைத் தடவிப் பார்த்தார். பாப்பம்மாளை அடுப்புப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். அந்த நேரத்தில் மூடுபனி இறங்கிப் பத்து நாளாகியிருந்தது. பூண்டு காயவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பாரத்தைப் புரட்டிப் புரட்டிப் பொறுமையாகத் தேடினார்.

"விறகுக்கு இடம் இருக்கு, புகைக்கு இடம் இருக்கு. பூண்டை எங்கே எழுதச் சொல்றீங்க, மிஸ்டர்?"

அமுக்கிப் பார்த்தேன்

விதைப்புக்கு ஒரு வாரம் முன்னால் போனேன். பாப்பம்மாள் பூண்டுக் கட்டு ஒன்றை இறக்கி என் கையில் கொடுத்தாள். அமுக்கினேன், விரல் உள்ளே போனது. எல்லாக் கட்டும் பூசணம். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"கண்ணு எரியலைங்க சார், இருமலும் நின்னுருச்சு. வெதைக்கத்தான் ஒண்ணும் இல்லை."

பாதிக் குழாய்

அன்றைக்கு அந்த ஊரில் வீடு வீடாகப் போய் விதைப்பூண்டு கேட்டேன். என் அடுப்பு வேண்டாம் என்று சொன்ன அதே வீடுகள். அவர்கள் பரணைப் பார்த்து நான் முகம் சுளித்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு கட்டு இறக்கிப் பாப்பம்மாள் கையில் கொடுத்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காட்டில் பாதிக்குத்தான் அது காணும். அந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவரை யாராவது கடுங்காப்பிக்குக் கூப்பிடாமல் விடமாட்டார்கள். அன்று யாரும் கூப்பிடவில்லை. பனிக்குள் தனியாக நின்றேன். அறைக்குத் திரும்பி ஸ்டவ்வைப் பற்ற வைக்கவும் மனமில்லை. மனைவிக்கு எழுத உட்கார்ந்தேன். பொய் எழுதவும் வரவில்லை.

மறுவாரம் அந்தோணிதான் வழி சொன்னார். பாப்பம்மாள் வீட்டுக் குழாயைக் கூரைக்கு வெளியே விடாமல் பரண் உயரத்தில் அறுத்துவிட்டோம். புகை முகத்தில் அடிக்காமல் நேரே பூண்டுக்குப் போனது. மேல்மலை முழுக்க இப்படிக் கட்டலாம் என்று ஆபீசுக்கு எழுதினேன். அங்கீகரித்த வரைபடத்தில் இல்லாத அடுப்பு, அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கவும் என்று பதில் வந்தது.

அடுத்த அறுவடை முடிந்ததும் அதைச் சொல்லப் போனேன். பரணில் புதுப்பூண்டு தொங்கியது. போன தடவையில் பாதிதான். பட்டியலில் அவள் பெயர் இல்லை என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குனிந்து அடுப்பை ஊதினாள்.

"பாதிக் காடு சும்மா கெடந்ததை நான் மறக்கலைங்க சார். ஆனாலும் உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போவீங்க."

காட்டைக் காப்பாற்ற டெல்லி தயாராக இருந்தது, குழாயும் பாரமும் தயாராக இருந்தன, நானும் தயாராகத்தான் இருந்தேன். பாப்பம்மாள் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குத்தான் எங்களில் யாரிடமும் பதில் தயாராக இல்லை.