நைனாவின் தோளும் சப்பரத் தண்டும்

எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. படுக்கப் போகும்முன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவேன். ஒன்று கூடினாலும் அன்றைக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பழக்கம் ராயபுரத்தில், நான் நைனா என்று கூப்பிட்ட என் அப்பாவின் மணிக்கட்டில் தொடங்கியது.

நைனா துறைமுகக் கிடங்கில் மூட்டை சுமந்தவர். அங்கே எல்லோரும் கோணிப்பையின் ஒரு மூலையை மறுமூலைக்குள் செருகி, முக்காடுபோல் தலையிலிருந்து முதுகுவரை தொங்கவிட்டுக்கொள்வார்கள். வெயில் காலத்தில் அதை நனைத்துக்கொள்வதும் உண்டு. அன்று குழாயில் தண்ணீர் இல்லை. சுவரோரம் ஈரமாகக் கிடந்த ஒரு கோணியை நைனா எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னா மச்சான், ஏசி போட்டுகினியா?" என்று உடன் வேலை செய்த என் தாய்மாமா கிண்டல் செய்தாராம். பக்கத்துப் பீப்பாய் ஒழுகியிருந்ததையும், அதில் பூச்சிமருந்து இருந்ததையும் யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். வாயில் எச்சில் வழிந்தது, கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். மருந்து தோல் வழியாகவே உள்ளே போயிருக்கிறது, ஈரலும் சிறுநீரகமும் தேறிவிடும், இதயம்தான் பழுதாகிவிட்டது, இனிமேல் பாரமே தூக்கக் கூடாது என்றார் டாக்டர். நைனாவின் நாடி நான்கு அடித்து ஒன்றை விட்டது. எங்கள் நைனாவுக்கு மட்டும் தனித் தாளம் என்று தெருப் பையன்களிடம் பீற்றிக்கொண்டேன்.

மாதா கோயில் திருவிழா வந்தது. மாதா சிலையை வைத்துத் தோளில் சுமந்துபோகும் சப்பரத்தின் முன் தண்டில் வலப்பக்கம் எப்போதும் நைனாவுக்கு. இந்த முறை வேறு ஆளாம் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நைனாவோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா வாசலை மறித்தாள்.

"நட்டுகினு வுழுந்தா நான் இன்னா பண்றது?"

"மாதாவுக்குத் தோள் குடுக்காம வூட்ல குந்திகினு கீறதுக்கா பொழச்சேன்?"

"வுடுக்கா, பின்னாலயே நான் கீறேன்ல" என்றார் மாமா.

சப்பரம் எழுந்தது. நான் ஓரமாக ஓடிக்கொண்டே நைனாவை மட்டும் பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்தி, நேரே பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் மாமா, அதே தண்டுக்குத் தோள் கொடுத்து, கழுத்து நரம்பு புடைக்க, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலிலேயே வந்துகொண்டிருந்தார். நைனாவின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்வரை அது மூடவே இல்லை.

இறக்கியதும் மற்றவர்கள் மூச்சுவாங்கி நின்றார்கள். நைனாவின் சட்டை கசங்கக்கூட இல்லை.

"எங்க நைனா பலத்தப் பாத்துத் தண்டே அவர் தோளத் தொட பயந்துச்சு!" என்று வீட்டில் குதித்தேன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மாமா சிரிக்கவில்லை. வீங்கிப்போன தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "பின்ன? உங்க நைனான்னா சும்மாவா?" என்றார்.

அவர் தோள் ஏன் அப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.