மேஸ்திரியின் ஆடாத பல்

பல் டாக்டரிடம் போயிருக்கிறீர்களா? ஐம்பத்திரண்டு வயதில், போன மாதம்தான் நான் முதல்முறையாக அந்த நாற்காலியில் சாய்ந்தேன். பக்கத்துத் தட்டில் ஒரு குட்டிக் கண்ணாடியும் நுனி வளைந்த மூன்று கம்பிகளும் இருந்தன. டாக்டரம்மா ஒரு கம்பியால் பல்லின் அடியில் கட்டியிருந்த காரையைச் சுரண்டினார். கரகரவென்ற சத்தம் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறையத் தண்ணீர். டாக்டரம்மாவின் கோட் நனைந்தது.

எனக்குப் பழகிய சத்தம் அது. காரிமங்கலம் பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் பாய்லர் குழாய் சுரண்டுவதுதான் அப்போது என் வேலை. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரால் குழாய்க்குள் ஓடுபோல் உப்பு கட்டிவிடும். "நாளத் தள்ளுனா, கொழா ஓட்டையாயிரும்" என்று மேஸ்திரி விரட்டுவார். ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. என் வாய்க்கு மட்டும் அந்த யோசனை வரவில்லை.

அதே மாதிரித் தண்ணீர்தான் சிறு வயதிலேயே என் பல்லைப் பழுப்பாக்கியது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குள் வாயைப் பொத்திப் பேசக் கற்றுக்கொண்டேன். மனைவி காவேரிக்கு ஊர் ஏரியூருக்கு அந்தப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கல்யாணப் போட்டோவில் அவள் பல்தான் முதலில் தெரியும். என் உதடு தைத்த மாதிரி இருக்கும்.

அவளும் அங்கே மாம்பழம் அறுக்க வந்தாள். பதினைந்து வருடம் முன்பு ஒருநாள் தொழிற்சாலையில் பல் முகாம் போட்டார்கள். நான் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காவேரி கையில் சீட்டோடு தேடி வந்தாள்.

"ஏங்க, ஈறுல ரத்தம் வருதில்ல, காரையாம். தர்மபுரி ஆஸ்பத்திரில சுத்தம் பண்ணிக்கிட்டு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா காட்டணுமாம். திங்கக்கெழம கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

கூடப் போனால் என்னையும் வாயைத் திறக்கச் சொல்வார்கள்.

"வேணாம். நம்ம மேஸ்திரிக்குச் சுத்தம் பண்ணித்தான் பல்லெல்லாம் ஆடிப்போச்சாம்" என்றேன்.

மேஸ்திரி பல் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காவேரி நம்பினாள். கூட அறுக்கும் அலமேலு, பேபி என்று எல்லாப் பெண்களிடமும் சொன்னாள். சாயந்தரத்துக்குள் எல்லார் சீட்டும் மாங்கொட்டையோடு குப்பைக்குப் போய்விட்டது.

விஷயம் மேஸ்திரி காதுக்குப் போனது. "எவன்டா சொன்னவன்? வந்து ஆட்டிப் பாரு!" என்று எல்லார் முன்னாலும் பல்லைக் காட்டினார்.

"கட்டுப் பல்லா இருக்கும்டீ" என்று பெண்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த இரண்டு வருடத்தில் காவேரியின் முன்பற்கள் நான்கும் விழுந்துவிட்டன. பல்செட்டுக்கு அளவு கொடுக்கத்தான் போன மாதம் போனோம். டாக்டரம்மா என்னையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "இந்தக் கறை தண்ணியால வந்தது, போகாதுங்க. ஆனா பல்லு கெட்டியா இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். என் பழுப்புப் பல் முப்பத்திரண்டும் அப்படியே இருக்கின்றன. இதை எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது?

வெளியே வந்தேன். டாக்டரம்மா என் பல்லைச் சும்மா பார்க்கிறார் என்றுதான் காவேரி நினைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம், "சுத்தம் மட்டும் பண்ணிக்காத கண்ணு, பல்லு ஆடிரும். எங்கூட்டுக்காரரே சொல்லியிருக்காரு" என்றாள்.

"பண்ணாமயே உங்களுக்கு விழுந்துருச்சேக்கா?"

"பண்ணியிருந்தா அப்பவே விழுந்திருக்கும்."

அந்தப் பெண் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரும்மா" என்றேன். ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அது பொய்யி. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் சொன்னேன். இப்பக்கூட சுத்தம் பண்ணிட்டுத்தான் வர்றேன்."

காவேரி எழுந்து எனக்கு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தொழிற்சாலை இருந்த இடம் வந்தது. பாய்லரும் இல்லை, பழம் அறுத்த ஷெட்டும் இல்லை. மனைக்கல் நட்டிருந்தார்கள். மேஸ்திரி போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. அந்தப் பெண்கள் ஓசூர், திருப்பூர் என்று எங்கெங்கோ பிழைக்கப் போய்விட்டார்கள்.

அவள் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"அலமேலு, பேபி எல்லாம் நாஞ்சொன்னதக் கேட்டுத்தான் சீட்டக் கிழிச்சாளுங்க. அவளுங்கள எங்க போய்த் தேடிச் சொல்வீங்க?"