முட்டிக்கு ஒரு தோல் பட்டை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மூன்றாவது லைன் டெய்லர் என்றால் அது பூர்ணிமாதான். மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைப்பவர்களுக்கு டெய்லர் என்று பெயர். மேஜையில் பசை தடவி ஓரம் மடிப்பவர்கள் வெறும் டேபிள். டேபிளிலிருந்து மிஷினுக்கு வர அவளுக்கு நாலு வருஷம் பிடித்தது. இரண்டு கைகளும் தோலைத் திருப்பிக்கொண்டிருக்க, வலது முழங்காலால் பக்கத்துத் தகட்டைத் தள்ளி, தோலை அழுத்திப் பிடிக்கும் ஊசிப்பாதத்தைத் தூக்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஒரு தள்ளு. அந்த வேகத்தில் அவளுக்கு ஈடு கிடையாது.

தொண்ணூற்றேழில் ஒரு நாள் சாப்பாட்டு பெல் அடித்ததும், பாதம் மிஷினடியில் இருக்க உடம்பை மட்டும் திருப்பி அவசரமாக எழுந்தாள். வலது முட்டிச்சில்லு நழுவி முழங்காலின் வெளிப்பக்கம் போய் நின்றது. அவள் போட்ட அலறலில் பக்கத்து மிஷின் ஜஹீதா பயந்துபோய்க் குதிகாலைப் பிடித்து நீட்ட, சில்லு தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த ஜெபகனி பிளாஸ்டிக் எலும்புகளை வைத்துக் காட்டினாள். தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம். காலை மடக்கி நீட்டும்போது சில்லு அதற்குள்தான் மேலும் கீழும் ஓட வேண்டும்.

"உனக்குப் பொறப்புலயே பள்ளம் ஆழம் கம்மி. வெளிக்கரை தாழ்வா இருக்கு. அதான் தாண்டிடுது."

"தகட்டைத் தள்ளித் தள்ளித்தான் இப்படி ஆச்சுன்றாங்க மேடம்."

"மிஷின் மேல பழி போடாதே. சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கத் தொடைச் சதை இருக்கு. அதுக்கு பலம் ஏத்தணும்."

துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அழுத்தி, தொடையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் செய்ய வேண்டும். மூன்று மாதம் மிஷின் கூடாது.

சூப்பர்வைசர் சத்தார் பாய் நல்ல மனுஷன். "மூணு மாசம்தானேம்மா, டேபிள்ல இரு" என்றார்.

"என் மிஷின்?"

"சீசன் டைம்ல அதைக் காலியா வெச்சு பூஜையா பண்ணுவாங்க? வேற ஆள் உக்காரும். அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்பறம்' அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. டேபிளுக்குப் போகவில்லை. லைனிங் தோலின் வெட்டுத்துண்டுகளை எடுத்து, உள்ளே ஃபோம் கொடுத்து, சில்லுக்கு வட்டமாக ஓட்டை விட்டு, வெளிப்பக்கம் பிறைபோல் ஒரு தடுப்பு வைத்து, முட்டிக்கு மேலே தொடையைச் சுற்றி இறுக்கப் பக்கிள் போட்டு ஒரு பட்டை தைத்தாள். பார்த்த ஜஹீதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"காலுக்குத் தெச்சது போதாதுன்னு முட்டிக்கும் ஷூவாடி? லேஸ் எங்க?"

"பேஜார் பண்ணாம போடீ. உனக்கு வேணும்னா சொல்லு, ஹீல் வெச்சே தரேன்."

பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. அதைக் கட்டிக்கொண்டு மிஷினிலேயே இருந்தாள். சில்லு அசையவில்லை. அசையாத சில்லுக்குத் துண்டை எதற்கு அழுத்துவது? ஒரு மாதத்தில் பயிற்சியை விட்டுவிட்டாள்.

ஆறேழு மாதத்தில் பட்டை தளர்ந்தது. அவள் அதிசயப்படவில்லை. உடம்பில் போடப்போட எந்தத் தோலும் விட்டுக்கொடுக்கும். ஆம்பூரில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? இறுக்கிப் போட, பக்கிள் வாரில் இன்னொரு ஓட்டை குத்தினாள். பிறகு மற்றொன்று. கெட்டியான மாட்டுத்தோலில் புதிதாகவே ஒன்று தைத்தாள். அதுவும் தளர்ந்தபோது தோல் பதனிட்டவனைத் திட்டினாள்.

இரண்டாயிரத்து ஒன்றில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பட்டைக்குள்ளேயே சில்லு நழுவியது. மறுபடி ஜெபகனி. பட்டையைக் கழற்றி, வரிசையாக இருந்த ஓட்டைகளைப் பார்த்து, "இது ஏன் இத்தனை?" என்று கேட்டாள்.

"இப்பல்லாம் மட்டமான தோலு மேடம். ஜாஸ்தி விட்டுக்குடுக்குது."

ஜெபகனி டேப் எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தாள். வலதை மட்டும் மறுபடி அளந்தாள்.

"தோல் அப்படியேதான் இருக்கு. உன் தொடைதான் வத்திப்போச்சு. சதை செய்ய வேண்டிய வேலையப் பட்டை செஞ்சுது, சதை சும்மா கெடந்துது. மொத ஓட்டை குத்துனப்பவே வந்திருக்கக் கூடாதாம்மா?"

பூர்ணிமா தன் இரண்டு தொடைகளையும் பார்த்தாள். தினமும் குளிக்கிற உடம்பு. தோலை விரலால் தடவியே கனம் சொல்லுகிறவள் இதைப் பார்க்கவே இல்லை.

சில்லு நழுவாமலிருக்க ஆபரேஷன் செய்யலாம், சதையையும் தேற்றலாம் என்றார்கள். ஆனால் சில்லுக்கு அடியில் தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்ததுதான். வெகுநேரம் காலை மடக்கி உட்கார முடியாது.

ஆபரேஷன் முடிந்து, தேறி, பிடிவாதமாக மிஷினுக்கே திரும்பினாள். அரைமணி நேரத்தில் சில்லுக்கு அடியில் மணல் அரைபடுவதுபோல் வலித்தது. ஒரு வளைவில் முழங்கால் தகட்டைத் தள்ளவில்லை. தையல் ஓரம் தாண்டி ஓடியது. சத்தார் பாய் கெட்டுப்போன பீஸைக் கையில் எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"பரவால்லம்மா, மெதுவா பண்ணு" என்றார்.

அவளிடம் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை.

"பாய், மீனாம்பாளை இதுல உக்கார வைங்க. நான் டேபிளுக்குப் போறேன்."

"கொஞ்ச நாள் கழிச்சு வேணா..."

"இல்ல பாய். இனிமே அங்கதான்."

அன்று மூன்று மாதத்துக்குக்கூடப் போய் உட்காரக் கூசிய இடம்.

மீனாம்பாள் டேபிளிலிருந்து வந்து, கூச்சத்தோடு மிஷினில் உட்கார்ந்தாள். தகடு அவள் காலுக்கு எட்டவில்லை. நகர்த்தும் திருகைத் தேடிக் கையால் துழாவினாள். பூர்ணிமா குனியப் பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை.

"அடியில, தகட்டுக்குப் பின்னால பாரு" என்று நின்றபடியே சொன்னாள்.