சிவப்பு வயரில் முடிந்த காசு

போன ஆடி மாதம் என் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அந்த மாதம் நம் கோயில் அம்மாள் எனக்குச் செய்ததை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வழிபாட்டில் மைக்கைத் தந்தால் எனக்குப் பேச வராது. ஆகையால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, நோபல் பார்க்கில் நானும் என் மகள் வதனியும் மட்டும்தான் இருக்கிறோம். மருமகன் மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சு வலியில் போய்விட்டார். காலையில் தேத்தண்ணீர் குடித்த மனுஷன் மத்தியானம் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை. அவர் விட்டுப்போனது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வதனி அதை விற்கவில்லை. தானே அதை ஓட்டப் பழகி, லைசன்ஸ் எடுத்து, டண்டினோங்கில் உள்ள முதியோர் இல்லத்துக்கு அதிலேயே வேலைக்குப் போனாள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "புருஷன் போன பிறகுதான் இவவுக்கு மோட்டச் சைக்கிள் கேக்குது" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் வராது.

வதனி செத்த வீட்டிலும் அழவில்லை. அதன் பிறகும் அழவில்லை. வேலை, வீடு, படுக்கை. நான் சமைத்து வைத்தால் இரண்டு வாய். சாமியோடு கோபம். விளக்கு வைக்கிற பக்கமே வரமாட்டாள். வெளியே போகும்போது, போய்த் திரும்பி வருவேன் என்கிற மாதிரி "போட்டு வாறன்" என்று சொல்வதையும் விட்டுவிட்டாள். ஹெல்மெட்டைத் தலையில் கொழுவுவாள், போவாள். அவ்வளவுதான்.

ஆடி பிறந்தது. ஊரில் ஆடி வெயில், இந்த நாட்டில் ஆடி என்றால் எலும்பு குத்துகிற குளிர். குளிருக்கு வண்டியின் பழைய பற்றரி செத்துப்போய், அவள் கடையில் புதிது போட்டுக்கொண்டு வந்தாள். இந்தக் குளிரில் அவள் அதில் போய்வருவது எனக்குப் பயமாக இருந்தது. முதல் ஆடிச் செவ்வாய், அவள் குளிக்கப் போன நேரம், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து நேர்த்தி வைத்தேன். என் பிள்ளையைக் காத்துத் தா தாயே, கோயிலுக்கு வந்து உண்டியலில் போடுகிறேன் என்று.

அந்தக் காசு அவளோடேயே போய்வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கைப்பிடியில் கட்டினால் கழற்றி எறிந்துவிடுவாள். ஆகையால் சாவியைப் போட்டுச் சீற்றைத் தூக்கினேன். அடியில் இருந்த பற்றரியில் இரண்டு வயர். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. சிவப்பு அம்மாளின் நிறம். முடிச்சை நூலால் சிவப்பிலேயே கட்டினேன். நூல் வழுக்கிக்கொண்டே போனது. காய் வெட்டுகிற குசினிக் கத்தியின் நுனியால், வயரைப் பிடித்திருந்த திருகாணியைக் கொஞ்சம் நெகிழ்த்தி, வயரின் நுனியில் உள்ள வளையத்துக்குள்ளால் நூலை விட்டு இறுக்கி முடிந்தேன். திருகாணியைத் திரும்ப முடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த செவ்வாய் வருமுன், அந்தக் கிழமையே வண்டி நடுவழியில் நின்றது. லைட்டும் இல்லை, ஹோர்னும் இல்லை. கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டு போகத் தானாகவே உயிர் வந்ததாம். எனக்கு விளங்கியது ஒன்றுதான், என் நேர்த்தி காணாது, இன்னும் வேண்டும். இரண்டாம் செவ்வாய் இன்னொரு காசை முடிந்து அதே வளையத்தில் கட்டினேன். திரும்பவும் நின்றது. மூன்றாம் செவ்வாய் மூன்றாவது காசு.

அந்த வியாழக்கிழமை ஒரு சுற்றுவட்டச் சந்தியில் திரும்பும்போது அப்படியே நின்றுவிட்டது. பின்னால் லொறி. லொறிக்காரன் பிரேக் அடித்து, விழுந்து கிடந்தவளின் கால்மாட்டில் கொண்டுவந்து நிறுத்தினானாம். யாரோ புண்ணியவான் மோட்டார் சைக்கிளைத் தன் வான் வண்டியில் ஏற்றி, அவளையும் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

முழங்காலில் தோல் உரிந்திருந்தது. நான் கழுவி மருந்து போட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"லொறியைக் கண்டிட்டும் எனக்குப் பயம் வரேல்லை அம்மா. அவர்தான் வண்டியை நிப்பாட்டுறார். என்னைக் கூப்பிடுறார். நான் போகப்போறன் போல கிடக்கு."

கடைக்குப் போகப்போகிறேன் என்று சொல்வது போலச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செவ்வாய் பின்னேரம் வேலை இருக்கிறது, அதே வண்டியில்தான் போவேன் என்றாள். நான் சாவியை அரிசி வாளிக்குள் ஒளித்தேன். அதைக் கண்டுவிட்டாள். ஒளித்து வையுங்கள், அவர் வேறு வழியால் கூப்பிடுவார் என்றாள்.

அந்த நாலு நாளும் நான் பட்டதை எழுதத் தெரியவில்லை. அவள் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் படுத்தால் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். யாருக்காவது சொல்லலாம் என்று போனை எடுத்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்தேன். அம்மாளுக்கு முன்னால் இருந்து முதலில் கோபித்தேன். மூன்று காசு முடிந்தேனே, நீ கண்ணை மூடிக்கொண்டா இருக்கிறாய் என்று கேட்டேன். பிறகு கோபிக்கவும் தெம்பில்லை. எனக்கு வழி தெரியவில்லை, காட்டு என்று மட்டும் சொன்னேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். உள்ளுக்குள் வெறுமைதான் இருந்தது.

நாலாம் செவ்வாய் வந்தது. நம்பிக்கை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. காலை பத்து மணிபோல நாலாவது காசை முடிந்துகொண்டு, ஒளித்த சாவியை எடுத்து, கராஜுக்குப் போய்ச் சீற்றைத் தூக்கினேன்.

மூன்று முடிச்சும் ஒரு குலையாகத் தொங்கின. திருகாணி பாதி வெளியே வந்திருந்தது. வயரின் வளையம் பற்றரியை விட்டு விலகி, தொட்டும் தொடாமலும் ஆடியது.

எனக்கு மெஷின் தெரியாது. ஆனால் சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவில் வயர் கொடுத்து ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். வயர் தொட்டால் செய்தி கேட்கும். விலகினால் ரேடியோ ஊமை. பார்த்தவுடன் விளங்கிவிட்டது. வண்டியை நிறுத்தியது மருமகன் இல்லை. நான். அங்கே கிடந்த பெயின்ற் வாளியின் மேல் குந்திவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் கை முடிச்சை அவிழ்க்கத்தான் போனது. ஒருவருக்கும் தெரியாமல் அவிழ்த்து, திருகாணியை முடுக்கிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வயர் இறுகினாலும், அவர் கூப்பிடுகிறார் என்ற எண்ணம் அவளுக்குள் அப்படியே கிடக்குமே. காட்டு என்று கேட்டேன், அம்மாள் காட்டிவிட்டாள். இனி நான் வாயைத் திறக்க வேண்டும்.

வதனியைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு ஆளின் குரல் போல இருந்தது. அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். நான் கையால் காட்டினேன்.

"அவர் கூப்பிடேல்லை பிள்ளை. அது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் அந்தக் குலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனம்மா சிவப்பு வயர்?"

"அம்மாளின்ரை நிறமெல்லே."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்புத்தான். பாதியில் அது அழுகையாக மாறியது. சீமெந்துத் தரையில் குந்தி என் மடியில் முகத்தை வைத்து, மூன்று வருஷத்து அழுகையையும் அழுதாள்.

"அப்ப அவர் என்னைக் கூப்பிடவே இல்லையா அம்மா?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "இல்லைப் பிள்ளை. மழைக்கே உன்னை வெளியில விடாத மனுஷன். அவர் கூப்பிடமாட்டார்."

அழுது முடிய அவளே எழும்பினாள். நூலை வெட்டி, மூன்று முடிச்சையும் என் உள்ளங்கையில் வைத்தாள். வளையத்தை அரத்தாளால் தேய்த்து, திருகாணியில் மாட்டி முடுக்கினாள். பத்து நிமிஷ வேலை. முதல் தரத்திலேயே ஸ்டார்ட் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். இப்போதும் சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் செவ்வாய்க்கு அடுத்த நாளே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். லொறியைக் கண்டு பயம் வராத கதையை அவளே சொன்னாள். இப்போது கிழமைக்கு ஒரு தரம், டொக்டர் அனுப்பிய, மனதுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு பெண்ணிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறாள். ஆவணி முதல் வெள்ளி என்னோடு கோயிலுக்கு வந்து, நாலு காசையும் தன் கையாலேயே உண்டியலில் போட்டாள்.

வயர் கழன்றதெல்லாம் ஒரு கதையா என்று சிலர் நினைக்கலாம். நான் கேட்டது வழி. அம்மாள் காட்டியது என் கையால் போட்ட முடிச்சு. அதோடு, ஆயுசு முழுக்க இல்லாத ஒரு வாயையும் தந்தாள். உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அம்மாளிடம் நம்பிக் கேளுங்கள். அவள் காட்டுவது உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் பாருங்கள். அம்மாளிடம் சொல்லி அழுததைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள்.

வதனி இப்போது வேலைக்குப் போகமுன் தினமும் சீற்றைத் தூக்கி, சிவப்பு வயரை விரலால் ஆட்டிப் பார்க்கிறாள். பிறகு குசினிக்குள் நிற்கிற எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறாள்.

"இறுகத்தான் இருக்கு அம்மா. போட்டு வாறன்."